லைடன் தீவில் கலிவர்

கலிவர் லைடனிலே படித்தவன். கடற்பயணங்களுக்குப் புறப்படுமுன் அவன் ஒல்லாந்து நாட்டு லைடன் நகரில் இரண்டு ஆண்டும் ஏழு மாதமும் வைத்தியம் பயின்றான் என்று கதையின் தொடக்கத்திலேயே ஜோனதன் ஸ்விப்ட் எழுதிவைத்திருக்கிறார். அந்த வகையில் அவனுக்கும் எனக்கும் ஓர் உறவுண்டு. நானும் லைடன்காரனே. ஆனால் எனது லைடனில் சர்வகலாசாலை இல்லை. பனையும் பூவரசும் புகையிலைத் தோட்டமும் உவர்நீர்க் கிணறும் உண்டு. ஊர்காவற்றுறை, கரம்பொன், நாரந்தனை, சரவணை, வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி என ஊர்கள் தொடரும் எங்கள் தீவுக்கு ஒல்லாந்தர் சூட்டிய பெயர் லைடன். இன்று காரைநகர் என வழங்கும் காரைதீவை அவர்கள் ஆம்ஸ்டர்டாம் என்றனர். புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. இவற்றுள் இறுதியாகச் சொன்ன பெயரே இன்றும் அரச கடிதங்களில் தாராளமாகப் புழங்குகிறது. மற்றவை மக்கள் நாவில் ஏறவேயில்லை.

ஸ்விப்டின் நூலிலே கடைசி அத்தியாயத்தில் ஒரு பகுதி வருகிறது. புயலில் அகப்பட்ட கடற்கொள்ளைக்காரர் கூட்டமொன்று, பாய்மரத்தின் உச்சியிலிருந்த பையன் கரையைக் கண்டு கூவியதும், கொள்ளையடிக்க இறங்குகிறது. அங்குள்ள சாதுவான மக்கள் அவர்களை அன்போடு உபசரிக்கிறார்கள். வந்தவர்கள் அந்த நாட்டுக்குப் புதுப்பெயர் சூட்டுகிறார்கள். தங்கள் அரசன் பெயரால் அதனை உடைமையாக்கி, அடையாளத்துக்கு உக்கிய பலகை ஒன்றையோ கல்லொன்றையோ நாட்டுகிறார்கள். சில டசின் பேரைக் கொன்று, மாதிரிக்கு இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பி, மன்னிப்பும் பெறுகிறார்கள். நாடு நாகரிகம் பெறத் தொடங்கிவிட்டது! இவ்வளவையும் சொன்ன கலிவர் உடனே ஒரு விலக்கும் கூறுகிறான்: இது பிரித்தானியரைப் பற்றியதன்று, குடியேற்றங்களை அமைப்பதில் அவர்களுடைய ஞானமும் நீதியும் கருணையும் உலகுக்கே முன்மாதிரி!

தமிழ் படித்தவனுக்கு இந்த விலக்கின் சுவையை எவரும் விளக்க வேண்டியதில்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பார்த்து, இங்குள்ள வேல்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்திலே கிடக்கின்றன என்று பாராட்டிவிட்டு வந்தாரே, அந்த வஞ்சப் புகழ்ச்சிதான் இது. அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் இருவகைப்படுத்தி இலக்கணம் கண்ட மொழி நம்முடையது. ஸ்விப்ட் இரண்டாவது வகையின் பேராசான். அவர் ஏசுவதேயில்லை. நல்லவனும் பணிவுள்ளவனுமான ஒரு வைத்தியனை முன்னே விட்டு, அவன் வாயாலேயே தன் நாட்டைப் புகழச் செய்கிறார். புகழ்ச்சி முடியும்போது நாட்டின் தோல் உரிந்து கிடக்கிறது.

இந்நூல் 1726ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலண்டனில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. ஸ்விப்ட் 1667இல் அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தவர்; அங்கேயே புனித பற்றிக் தேவாலயத்தின் தலைமைக் குருவாக இருந்தவர். ஆங்கிலேயரின் முதற் குடியேற்ற நாடுகளுள் ஒன்றிலிருந்து எழுதினார் என்பதை நாம் மறக்கலாகாது. அச்சிட்ட மொட் என்பவர் பயந்துபோய்ச் சில பகுதிகளை வெட்டியும் மாற்றியுமே வெளியிட்டார். 1735இல் டப்ளினில் வந்த பதிப்பே பெரும்பாலானவற்றைச் சீர்செய்தது. அதிலும் ஒரு பகுதி சேரவில்லை. பறக்கும் தீவின் ஆட்சிக்கு எதிராக ஒரு நகரத்து மக்கள் கிளர்ந்தெழுந்து வென்ற கதை அது. 1899 வரை அது அச்சேறவில்லை.

அதன் பின்னர் நடந்த வெட்டு இன்னும் பெரிது. நான்கு பயணங்கள் கொண்ட நூலில் முதல் இரண்டை மட்டும் எடுத்து, அவற்றிலும் அரசியலை அகற்றி, குள்ள மனிதரும் இராட்சத மனிதரும் உலவும் பாலர் கதையாக்கிப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். எனது வகுப்பறைக்கு வந்து சேர்ந்ததும் அத்தகைய மெல்லிய சுருக்கமொன்றே. கடற்கரையில் கட்டுண்டு கிடக்கும் கலிவரின் படம் அட்டையில் உண்டு. உள்ளே பேரரசு இல்லை. ஏகாதிபத்தியத்தைப் பகிடி பண்ணிய நூலை ஏகாதிபத்தியமே தாலாட்டாக மாற்றி எங்கள் பிள்ளைகளுக்குப் பாடிக்காட்டியிருக்கிறது.

முழு நூலையும் உயர்தர வகுப்பு மாணவருக்குத் தமிழிலே சொல்லிக்கொடுப்பது என்று கடந்த ஆண்டு தீர்மானித்தேன். பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. எனவே வெள்ளிக்கிழமைகளில் பள்ளி விட்டபின் வேப்பமர நிழலில் இருந்தோம். பகுதி பகுதியாக நான் வாசித்துச் சொல்வேன்; அவர்கள் கேட்பார்கள். அந்த வாசிப்பிலே தெளிந்த சில எண்ணங்களையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒல்லாந்தரை எடுத்துக்கொள்வோம். பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பாவிலே ஒல்லாந்துக் குடியரசைப் போல அறிவு சுதந்திரமாக உலவிய நாடு அரிது. டேக்காட் என்ற பிரெஞ்சுத் தத்துவஞானி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்து எழுதினார். ஸ்பினோசா அங்கே பிறந்தார். இத்தாலியில் வீட்டுக்காவலில் இருந்த கலிலியோவின் கடைசிப் பெருநூல் 1638இல் லைடன் நகரிலேதான் அச்சாயிற்று. இருபது ஆண்டுகள் கழிந்து, 1658இல், அதே நாட்டின் கிழக்கிந்தியக் கம்பனி யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. அறிவொளி வந்துவிட்டது என்று நினைக்கலாம். வந்தது கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்ற பிரகடனம். கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணம் வந்த யோசவ் வாஸ் அடிகள் ஏழைக் கூலியாளைப்போல வேடமிட்டே நுழைய வேண்டியிருந்தது. அரசாங்க உத்தியோகம் வேண்டுமா, கம்பனியின் மதத்தைத் தழுவு. திருமணம் பதிய வேண்டுமா, ஞானஸ்நானம் பெறு என்பதே விதி. மக்கள் பகலில் கம்பனியின் கோயிலுக்குப் போய்வந்து, இரவில் தத்தம் தெய்வங்களைக் கும்பிட்டார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்ததும் அந்தக் கோயில்கள் வெறிச்சோடிப்போயின.

இதே கம்பனி யப்பானிலே வேறு முகம் காட்டியது. அங்கே கிறித்தவம் தடைசெய்யப்பட்டிருந்தது. சிலுவையை மிதித்துக் காட்டியே தாம் கிறித்தவர் அல்லர் என்று மக்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஸ்விப்டின் மூன்றாம் பயணத்தில் கலிவர் ஒல்லாந்து வணிகனாக நடித்து யப்பானுக்குள் நுழைகிறான். சிலுவையை மிதிப்பதிலிருந்து தனக்கு விலக்களிக்குமாறு சக்கரவர்த்தியிடம் வேண்டுகிறான். சக்கரவர்த்தி வியந்துபோகிறார். இப்படி மனம் கூசிய ஒல்லாந்தன் எவனையும் அவர் கண்டதில்லையாம். எனவே இவன் ஒல்லாந்தன் அல்லன், உண்மையான கிறித்தவனாக இருக்கக்கூடும் என்று ஐயுறுகிறார்! இந்த இடத்தை வாசித்தபோது வேப்பமரத்தடியே அதிர்ந்தது. எங்கள் மாணவரில் அரைவாசிப் பேர் கத்தோலிக்கர். அந்தக் கம்பனிக்குப் பயந்து குருமாரை ஒளித்துவைத்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்களுள்ளும் இருக்கக்கூடும். அச்சிரிப்பு முந்நூறு ஆண்டுகள் பிந்தி வந்தது.

ஒல்லாந்தரின் கற்பனை வளத்துக்கு ஊர்காவற்றுறைக் கடலிலே இன்னொரு சான்று நிற்கிறது. எங்கள் துறைக்கும் காரைநகருக்கும் இடையே தண்ணீர் நடுவே இருக்கும் கோட்டைக்கு அவர்கள் இட்ட பெயர் ஹமன்ஹீல். பன்றித்தொடையின் குதி என்பது பொருள். வரைபடத்தில் இலங்கை அவர்களுக்கு உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை போலத் தோன்றிற்றாம். ஒரு நாட்டைப் பார்த்தவுடன் நாவில் நீர் ஊறியவர்களின் வாக்குமூலம் இதைவிடத் தெளிவாக எங்கே கிடைக்கும்? அக்கோட்டை இன்று கடற்படையினர் நடத்தும் உல்லாச விடுதி. தொடை கைமாறியிருக்கிறது, பந்தி கலையவில்லை.

இனி லில்லிபுட். ஆறங்குல மனிதரின் பேரரசு. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்பதற்காக அயல்நாட்டோடு யுத்தம். குதிக்கட்டை உயர்ந்த பாதரட்சையா தாழ்ந்ததா என்பதற்காக உள்நாட்டில் கட்சிகள். சுருக்கப் பதிப்புகளிலும் இவ்வளவும் ஓரளவு வரும். வராத பகுதி ஒன்றுண்டு. கலிவர் எதிரியின் ஐம்பது கப்பல்களைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்து கொடுக்கிறான். சக்கரவர்த்திக்கு அது போதவில்லை; அந்நாடு முழுவதையும் தன் மாகாணமாக்கித் தரும்படி கேட்கிறான். சுதந்திரமான மக்களை அடிமையாக்கும் கருவியாகத் தான் இருக்க முடியாது என்று கலிவர் மறுக்கிறான். அன்று தொடங்குகிறது அவன் வீழ்ச்சி. அரசவை கூடி அவன்மீது இராசத்துரோகம் சாட்டுகிறது. கொல்வதா என்று வாதித்து, ஈற்றில் கருணை காட்டி, கண்கள் இரண்டையும் குருடாக்கிவிட்டு உணவைச் சிறிது சிறிதாகக் குறைப்பது என்று முடிவாகிறது.

அந்த நாட்டிலே கொடிய தண்டனை விதிக்கப்படும் ஒவ்வொரு முறையும் சக்கரவர்த்தியின் இரக்கத்தைப் புகழும் உரையொன்று நாடெங்கும் வெளியிடப்படுமாம். மக்களுக்கு அதைவிடப் பயங்கரம் வேறில்லை. புகழ்ச்சி எவ்வளவுக்கு நீளுகிறதோ அவ்வளவுக்குத் தண்டனை கொடியது, தண்டிக்கப்பட்டவன் குற்றமற்றவன் என்பது அவர்கள் அனுபவம். இப்பகுதியை வாசித்து முடித்தபோது, பின்வரிசையில் இருந்த பையன் ஒருவன் மெல்லச் சொன்னான்: “மனிதாபிமான நடவடிக்கை, சேர்.” எவரும் சிரிக்கவில்லை. 1995இல் எங்கள்மீது வந்த படையெடுப்புக்குச் சமாதானத்துக்கான யுத்தம் என்று பெயர். 2006 முதல் 2009 வரை நடந்த இறுதிப் போருக்கு அரசு சூட்டிய பெயர்தான் அவன் சொன்னது. அந்தப் பையன் போர் முடியும்போது கைக்குழந்தை. ஆயினும் பெயரின் நீளத்தை வைத்துத் துன்பத்தின் ஆழத்தை அளக்க அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்றாம் பயணத்தில் லாபுட்டா என்ற பறக்கும் தீவு வருகிறது. அங்குள்ளோர் கணிதத்திலும் சங்கீதத்திலும் வல்லுநர். சிந்தனையில் மூழ்கி உலகை மறப்பவர்கள். பக்கத்தில் நிற்பவன் பேசினால் கேட்பதற்குக் காதில் தட்டும் வேலையாள் ஒருவன் வேண்டும். அத்தகைய ஞானிகளின் தீவு கீழேயுள்ள நாட்டை ஆளும் முறை எளியது. எங்காவது மக்கள் வரி மறுத்தால் தீவு அவ்வூருக்கு நேர்மேலே வந்து நிற்கும். வெயிலும் மழையும் மறைக்கப்படும். பஞ்சமும் நோயும் வரும். அதற்கும் பணியாவிட்டால் கல்மழை. அதற்கும் பணியாவிட்டால் தீவே இறங்கி நசுக்கிவிடும். ஆனால் இந்த இறுதி முறையை அரசன் இலேசில் கைக்கொள்வதில்லை. மந்திரிமாரின் காணி பூமிகள் கீழேதான் இருக்கின்றன. தீவின் அடித்தளமும் வெடித்துவிடலாம்.

என் தலைமுறைக்கு இது கற்பனையாகப் படாது. எனது ஊர் நாரந்தனையாயினும் நான் பிறந்தது இடம்பெயர்ந்த இடத்தில். 1990இல் தீவகத்தைப் படையினர் கைப்பற்றியபோது எங்கள் குடும்பம் குடாநாட்டுக்குள் ஓடியது. அதே ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையில் எரிபொருள், மின்கலம், உரம், சீமெந்து எல்லாம் தடைப்பட்டன, மின்சாரம் அற்றுப்போயிற்று. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் மெல்லிய திரியும் இட்டு அம்மா ஏற்றிய விளக்கிலேதான் எனக்கு ஏடு தொடக்கியதாம். துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து, சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. வெயிலை மறைக்கும் வித்தை லாபுட்டாவுக்கே உரியதென்று எண்ண எங்களால் இயலாது.

இங்கே ஒரு பெரும் உண்மையை ஸ்விப்ட் தொட்டிருக்கிறார். கற்றவர்களால் ஆளப்படுவது ஆளப்படுவோருக்கு எவ்வித பாதுகாப்பும் அன்று. லைடனில் கலிலியோவின் நூலை அச்சிட்ட நாகரிகமும் மன்னார் முதல் எங்கள் தீவுகள் வரை ஏழைகளைக் கொண்டு சாயவேர் கிண்டுவித்த நாகரிகமும் ஒன்றே. முன்னதன் செலவைப் பின்னது தாங்கிற்று. எங்கள் துறையிலிருந்து வன்னி யானைகளைக் கப்பலேற்றி விற்ற பணம் எங்கே போயிற்று என்று கேட்டால் சர்வகலாசாலைகளின் வரலாறும் வேறுவிதமாகத் தெரியும்.

இதுவரையில் சிரிப்பது நமக்கு இலகுவாக இருந்தது. சிரிக்கப்பட்டவர்கள் அந்நியர்; அல்லது நம்மை ஒடுக்கிய அரசு. நான்காம் பயணத்திலே ஸ்விப்ட் அந்த வசதியைப் பறித்துவிடுகிறார். அது ஹூயினங்கள் என்னும் குதிரைகளின் நாடு. அவை பகுத்தறிவின் வடிவங்கள். பொய் என்பதற்கு அவற்றின் மொழியில் சொல்லே இல்லை. கட்டளை என்பதும் இல்லை. பகுத்தறிவுள்ள பிராணியை எவரும் கட்டாயப்படுத்த முடியாதாகையால் மாமன்றம் அறிவுரை மாத்திரமே வழங்கும். மனித உருவில் அழுக்கேறித் திரியும் யாஹூக்களை அவை அடக்கி வைத்திருக்கின்றன.

இந்தப் பகுதியைத் தொடங்குமுன் மாணவரை நெடுந்தீவுக்கு அழைத்துச் சென்றேன். குறிகட்டுவானில் படகேறிச் சென்றோம். அத்தீவில் இன்றும் குதிரைகள் கூட்டங்கூட்டமாகத் தாமாகத் திரிகின்றன. அந்நிய ஆட்சியாளர் வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை. லாயத்தின் தூண்கள் சிதைந்து நிற்கின்றன. கோடையில் தண்ணீரின்றி மெலிந்து, கற்களுக்கிடையே புல் தேடிக்கொண்டிருந்தன குதிரைகள். “இவைதானோ சேர், நாடு ஆளுற குதிரையள்?” என்று ஒருவன் கேட்டான். ஆண்டவர்கள் போய்விட, அவர்களைச் சுமந்தவை எஞ்சிநிற்கும் காட்சியைப் பார்த்துவிட்டு வந்தே நான்காம் பயணத்தை வாசித்தோம்.

ஆறாம் அத்தியாயத்தில் ஒரு செய்தி வருகிறது. வெள்ளை, செந்நிறம், இரும்புச் சாம்பல் நிறம் கொண்ட குதிரைகள் உடலமைப்பிலும் அறிவிலும் தாழ்ந்தவையாம். கபிலமும் புள்ளிச் சாம்பலும் கறுப்புமே உயர்ந்தவையாம். ஆகவே முன்னவை என்றென்றும் வேலைக்காரராகவே இருக்கும். தம் இனம் விட்டு மணமுடிக்க ஒருபோதும் ஆசைப்படா. அது அந்நாட்டில் இயற்கைக்கு மாறான அருவருப்பு. முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள்.

“சேர், உந்தக் குதிரையளுக்குள்ளையும் சாதி இருக்கோ?”

“நீ என்ன நினைக்கிறாய், பிள்ளை?”

“வெள்ளை வேலைக்காரன், கறுப்பு எசமான். நிறத்தைத்தான் மாத்தி வைச்சிருக்கிறார். கதை எங்கடைதான்.”

அவளுக்கு நான் தேசவழமையின் வரலாற்றைச் சொன்னேன். யாழ்ப்பாணத்தாரின் சொத்து, திருமண வழக்கங்களுக்கு இன்றும் ஆதாரமாக நிற்கும் அச்சட்டத் தொகுப்பை, ஆளுநர் சைமன்ஸின் பணிப்பின் பேரில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்துத் திசாவை எழுதினார். அது தமிழில் பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலிமாரால் பரிசீலிக்கப்பட்டு, 1707இல் நடைமுறைக்கு வந்தது. கலிவர் வெளிவருவதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் முந்தியது. எவர் அடிமைகள், அவர்களுக்கும் எசமானருக்கும் உள்ள உறவு யாது என்பதும் அதில் ஒரு பகுதி. அந்நியன் கேட்டு எழுதினான். நம்மவர் பார்த்து ஒப்பமிட்டனர். 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. ஆயினும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மக்கள் உள்ளே செல்லும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. தேநீர்க் கடையில் தனிக் குவளைக்கு எதிராகவும் அக்காலத்தில் இரத்தம் சிந்தப்பட்டது. ஏகாதிபத்தியம் அடக்குமுறையைக் கப்பலில் மட்டும் கொண்டுவந்ததில்லை. இங்கு இருந்ததைத் தோம்பில் எழுதி முத்திரை குத்தியும் நடத்திற்று.

ஹூயினங்களின் மாமன்றம் கலிவரையும் விட்டுவைக்கவில்லை. அவன் யாஹூவைப் போன்றவன். ஆகவே அவனை அனுப்பிவிடுமாறு அவன் எசமானுக்கு மாமன்றம் மரியாதையாக அறிவுரை கூறுகிறது. முழுப் பகுத்தறிவு பெற்ற சமுதாயத்துக்கு வேற்றுருவான் ஒருவனைப் பொறுக்க முடியவில்லை. இந்த இடத்தில் 1990 ஒக்டோபரை நினையாதிருப்பது நேர்மையன்று. விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நாங்கள் இடம்பெயர்ந்த அதே ஆண்டு அது. எங்கள் துயரத்தைப் பேசும் வாய் அதையும் பேச வேண்டும்.

கலிவர் அழுதுகொண்டே ஓடமொன்று செய்கிறான். அதற்கு யாஹூக்களின் தோலைத் தைக்கிறான். பாய்க்கு இளம் யாஹூக்களின் தோல். தன்னினத்தின் தோலிலே மிதந்துகொண்டு குதிரைகளின் நற்பண்பை நினைத்து உருகுகிறான். லைடனில் படித்த வைத்தியன் இறுதியில் வந்து நிற்கும் இடம் இது. அவனை மீட்பவர் பேதுரு டி மெண்டெஸ் என்ற போர்த்துக்கேயக் கப்பற்றலைவர். உடை கொடுக்கிறார், உணவு கொடுக்கிறார், தம் வீட்டிலே தங்கவைத்து ஊருக்கும் அனுப்புகிறார். நூல் முழுவதிலும் அவரைப்போல நல்ல மனிதர் அரியர். கலிவருக்கோ அவருடைய வாடை பிடிக்கவில்லை, மூக்கைப் பொத்திக்கொள்கிறான். போர்த்துக்கேயரும் 1658 வரை எங்களை ஆண்டவர்களே. ஆயினும் ஆண்ட அரசு வேறு, கடலில் விழுந்தவனைத் தூக்கிவிடும் மாலுமி வேறு என்பதை ஸ்விப்ட் அறிந்திருந்தார்.

ஸ்விப்டைப் புரட்சிக்காரராக்குவது என் நோக்கமன்று. அயர்லாந்திலே ஆளும் மதத்தின் குருவாக இருந்தவர் அவர். ஒல்லாந்தரை அவர் வெறுத்ததிலே ஆங்கில வணிகரின் போட்டி மனமும் கலந்திருந்தது. பெண்களைப் பற்றி எழுதிய இடங்கள் பலவற்றில் அருவருப்பே மேலோங்கி நிற்கிறது. பொதுமக்கள் தம் விதியைத் தாமே மாற்றுவர் என்ற நம்பிக்கையும் அவரிடம் மிகச் சிறிது. ஆனால் அரசபக்தரான பல்சாக்கின் நாவல்களிலே, அவர் சார்ந்திருந்த வர்க்கத்தின் வீழ்ச்சியே உண்மையாகப் பதிவாகியிருக்கிறது என்று 1888இல் ஏங்கெல்ஸ் ஒரு கடிதத்தில் சுட்டிக்காட்டினார். அக்கூற்று ஸ்விப்டுக்கும் பொருந்தும். அவர் விரும்பியதைவிட அவர் கண்டது பெரிது.

ஒல்லாந்தர் காலத்துப் பள்ளி ஆசிரியரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கோயிலோடு சேர்ந்த பள்ளியில் அவர் கற்பித்தார். வராத பிள்ளைகளின் பெற்றோருக்குக் குற்றப்பணம் உண்டு. ஞானஸ்நானமும் திருமணமும் பதியும் தோம்பும் அவர் கையிலேயே இருந்தது. கம்பனியின் கண்ணும் காதும் அவரே. அவர் கொடியவராக இருந்திருக்க வேண்டியதில்லை. சம்பளம் வாங்கியவர், இடாப்பை ஒழுங்காக வைத்தவர். எங்கள் தொழிலுக்கு அவர் முன்னோர். எதைக் கற்பிப்பது, எதை வெட்டுவது என்ற கேள்வி அவர் நாளில் ஆட்சியாளரின் கையில் இருந்தது. இன்று அது முழுவதும் அவர்கள் கையில் இல்லை. பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு வேப்பமரமும் ஒரு வெள்ளிக்கிழமையும் எந்த ஆசிரியருக்கும் கிடைக்கும்.

நூல் முடிந்தபின் மாணவருக்கு ஒரு வேலை கொடுத்தேன்: கலிவரின் ஐந்தாம் பயணத்தை எழுதுங்கள், அவன் நமது தீவுக்கு வருகிறான். பலரும் கடற்படை முகாமையும் படகுத் துறையையும் பகிடியாக எழுதியிருந்தார்கள். ஒரு பையன் அரைப் பக்கமே எழுதினான். கலிவர் தாகத்தோடு கரையேறுகிறான். உவர்நீர்க் கிணறுகளைத் தாண்டி, ஊரார் அள்ளும் நன்னீர்க் கிணற்றடிக்கு வந்து தண்ணீர் கேட்கிறான். ஊரார் நல்லவர்கள்; வாளியை எடுத்துவிட்டார்கள். ஊற்றுமுன் ஒன்று மாத்திரம் கேட்டார்கள்: “தம்பி எவ்விடம்?” கலிவர் இங்கிலாந்து என்கிறான். “அது தெரியுது. அங்கை எவ்விடம்?” என்று மறுபடியும் கேட்கிறார்கள். அவ்வளவோடு கதை நிற்கிறது.

யாழ்ப்பாணத்தவருக்கு அந்தக் கேள்வியின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. அக்கட்டுரையை வகுப்பிலே உரத்து வாசித்தேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக, தங்கள் வீட்டில் அக்கேள்வி எப்போது, யாரிடம் கேட்கப்பட்டது என்று சொல்லத் தொடங்கினார்கள். மணி ஆறு கடந்தும் பேச்சு முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் அதையே பேசுவதென்று தீர்மானித்துக் கலைந்தோம்.